காலைக் குளிசை

— கதைய மாத்தாதீங்க. பிஸ்கட் டின்னுக்குள்ள இருபத்தெட்டுக் குளிசை கிடக்கு. எண்ணிட்டுத்தான் கேக்கன்.

— மெதுவாக் கதை, ஸில்மியா. பக்கத்து ஊட்டுக்குக் கேக்கும்.

— கேக்கட்டும்! கென்சருக்கெண்டு ஆஸ்பத்திரியால தந்த புது மருந்து. ஆருக்கும் குடுத்துப் பாக்காத மருந்து. வெறும் போத்தலத் திருப்பிக் குடுத்திட்டு, மருந்த இஞ்ச ஒளிச்சி வெச்சிருக்கீங்க!

— நோன்பு தொறந்து குடிக்கிற பின்னேரக் குளிசைய ஒரு நாளும் தவற உடல்ல புள்ள. காலைக் குளிசையத்தான்... அது நோன்பு மாசம்தானே.

— கென்சர் வருத்தக்காரனுக்கு நோன்பு வேணாமெண்டு பள்ளிவாசல் ஹஸ்ரத்தே வந்து சொன்னார். விடியக்கு முந்தி ஸஹருக்கு எழும்பிக் குடிக்கனெண்டுதானே எனக்குச் சொன்னீங்க?

— முதல் நாள் குடிச்ச நான். காலையெல்லாம் வாந்தி சத்தி, கண் இருட்டிட்டு. லுஹர் தொழுகைக்கு முந்தித் தண்ணி குடிச்சி நோன்ப உட்டன். இதுதான் எனக்குக் கடைசி நோன்பா இருந்தா என்ன செய்ய? மனம் கேக்கல்ல.

— அப்ப ஆஸ்பத்திரியால தந்த குறிப்புப் புத்தகத்துல ரெண்டு நேரமும் குடிச்சதெண்டு சரி போட்டது ஆரு?

— நாந்தான். குடிக்கல்லெண்டா மருந்தையே நிப்பாட்டிருவாங்களே.

— யா அல்லாஹ்! நோன்பையும் புடிச்சி, பொய்யும் எழுதி! தாங்க போன. அந்த நர்ஸ் புள்ளைக்குச் சொல்லத்தான் வேணும்... ஹலோ, ஷாகிரா? ஸ்பீக்கர்ல போட்டிருக்கன். என்ட மனுசன் நிஸ்தார் செய்த வேலையக் கேளுங்க. நோன்பு முழுக்கக் காலைக் குளிசை குடிக்கல்லயாம். ஒரு நாள்தான் ரெண்டும் குடிச்சவராம், அண்டைக்கே சத்தியும் மயக்கமுமாம்.

— என்ன ராத்தா சொல்றீங்க? காக்கா, ஒண்டுமில்லெண்டுதானே எங்களுக்குச் சொன்னீங்க?

— பொறகு இல்லத்தானே தங்கச்சி. ஒண்டு குடிக்கக்குள்ள ஒரு கரைச்சலும் இல்ல. அது நல்லதுதானே?

— காக்கா, இது முதல் கட்டச் சோதனை. சுகமாக்குமா எண்டு இன்னும் ஆருக்கும் தெரியா. எவ்வளவு குடுத்தா உடம்பு தாங்குமெண்டுதான் இப்ப பாக்கிறம். கையெழுத்து வெக்கக்குள்ள சொன்னம்.

— சொன்னீங்கதான். மருந்தெண்டா வருத்தத்த மாத்தத்தானே எண்டு நெனச்சிட்டன். எனக்கு ஒண்டுமே வெளங்கல்ல.

— எனக்கும் வெளங்கல்ல ஷாகிரா. இவர் குறையக் குடிச்சா இவருக்குத்தானே நட்டம்?

— இல்ல ராத்தா. ஒரு நாளைக்கு ரெண்டக் காக்கா தாங்கிட்டாரெண்டு நம்பித்தான் அடுத்து வந்தவருக்கு மூணாக்கினம். அவர் குடிக்கத் தொடங்கி நாலு நாள். காலையில இருந்து அவர் கண் முழிக்கல்ல. ஏன் இப்புடி ஆகினதெண்டு டொக்டரே குழம்பிப் போய் இரிக்கார். வைங்க, நான் ஓடிப் போய்ச் சொல்லணும்.

— பொறு தங்கச்சி. ஆரு அவர்?

— பேர் சொல்லக் கூடா காக்கா.

— சொல்ல வேணாம். எனக்கு அடுத்து வந்து, பயத்துல ஊட்டுக்குத் திரும்பப் பாத்த பழுகாமத்து உதயரூபனுக்கு, 'நான் நோன்போடயே குடிச்ச மருந்து, ஒண்டும் செய்யா' எண்டு சத்தியம் பண்ணி, கையப் புடிச்சிக் கூட்டி வந்து உட்டது நாந்தான்.