கைக்கு விட்ட இடைவெளி

டீ ஆறியிருந்தால் பரவாயில்லை சார், எனக்குச் சூடு ஆகாது.

குழாய் வளைக்கும் கம்ப்யூட்டர் மெஷின்களை வேகமாக ஓட வைப்பது என் வேலை. கிளாம்ப் குழாயைக் கவ்வும், அச்சு சுழன்று வளைக்கும், கிளாம்ப் விடும். ஒன்று முடியும்வரை மற்றது சும்மா நிற்கும். அந்த நிற்பைத்தான் நான் எடுத்துவிடுவேன். பட்டறையில் எனக்கு ‘மின்னல்’ என்று பெயர்.

என் தங்கையின் வீட்டுக்காரரை அங்கே வேலைக்குச் சேர்த்ததும் நான்தான். அவருக்கு ஒரு பழக்கம். கிளாம்ப் விட்டதும் கையை உள்ளே விட்டு அச்சைத் துணியால் துடைப்பார். துடைக்காவிட்டால் குழாயில் கீறல் விழும் என்பார். என் வேகத்தில் அதற்கு நேரம் போதவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நேரே மேனேஜரிடம் போய்விட்டார். மாப்பிள்ளையின் கை போய்வர மெஷின் ஓட்டத்தில் ஓர் இடைவெளி வைக்கச் சொல்லி எனக்கு உத்தரவு வந்தது. வைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். தங்கை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை, “நம்ம மச்சான் இப்ப நொண்டி மின்னல்” என்றார். என் மனைவி சிரித்தாள். பரிமாறிக்கொண்டிருந்த தங்கை கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். நான் தூக்கி வளர்த்தவள் சார். நானும் சிரித்தேன். மறுநாள் பட்டறை முழுக்க அதே பெயர்.

வாரக் கடைசியில் மெஷினைச் சரிபார்க்கிறேன் என்று சொல்லித் தனியாகப் போனேன். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த ஓர் ஒளிக்கதிர் உண்டு. அதன் இணைப்பைப் பிரித்தேன். இடைவெளியை மட்டும் உடனே எடுக்கவில்லை. முதலில் கொஞ்சம் குழாய்கள் அவர் விருப்பப்படியே நிதானமாக ஓடும், பிறகு இடைவெளி இருக்காது என்று மெஷின் புரோகிராமில் எழுதி வைத்தேன். மனிதர் பயமில்லாமல் கையை விட வேண்டும் அல்லவா?

திங்கட்கிழமை காலையில் அவர் பக்கத்திலேயே நின்றேன். அவர் துடைத்துக்கொண்டே, “மச்சான், இன்னைக்கு உங்க மெஷின் ரொம்ப சாதுவா இருக்கே” என்றார்.

“உங்களுக்காகத்தான் மாப்பிள்ளை” என்றேன்.

நிறுத்தும் பொத்தான் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கிளாம்ப் அவர் கையைக் கவ்வியதும், முதலில் அவர் அலறி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு அழுத்தினேன். கையை மணிக்கட்டோடு எடுக்க வேண்டியதாகிவிட்டது என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை என் சட்டையைப் பிடித்தாள். “எனக்குத் தெரியாம அந்த மெஷின்ல ஒரு துரும்பு அசையாதுன்னு பீத்திக்குவியே அண்ணா. இப்ப சொல்லு, உனக்குத் தெரியாமயா நடந்துச்சு?” என்றாள். அவள்தான் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்தாள் என்றும் தெரியும்.

கோபத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான். தணிந்ததும் வந்துவிடுவாள். கஷ்டம் என்றால் ஓடிவர அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?