ஏறச் சொன்ன சைரன்

வேலை கேட்டுத் தாம்பரத்திலிருந்து முடிச்சூர் பஸ் ஏறினேன். முன் சீட்டில் வெள்ள எச்சரிக்கை சைரன் செய்யும் பட்டறை ஆட்கள் இருவர்: ஒரு அம்மாள், ஓர் இளைஞன்.

"போன ஒத்திகையில ஊதினப்போ எல்லாரும் சோத்து டப்பாவைத் தொறந்துட்டாங்களே அக்கா," என்றான் இளைஞன்.

"பின்ன? கம்பெனி சாப்பாட்டுச் சங்கு மாதிரி ஒரே இழுப்பா ஊதிச்சு. அதான் இப்ப ஏறி எறங்குற மாதிரி மாத்திக்கீறேன். வெள்ளத்துல எங்க வூடு முழுகினப்போ எழுப்பிவிட ஒண்ணும் இல்லடா."

"இன்னிக்கு ஒத்திகையிலயும் ஜனங்க மாடி ஏறலன்னா, மழைக்கு முன்னாடி கம்பத்துல மாட்ட பஞ்சாயத்துல விடமாட்டாங்க."

முடிச்சூரை நெருங்கும்போது சைரன் ஏறி இறங்கி அலறியது. அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். அது ஓய்ந்து கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் முடிச்சூரிலிருந்து அவள் கணவர் குரல்.

"தெருவே மொட்டை மாடியில கீது. நாயைக்கூடத் தூக்கினு வந்துட்டாங்க."

இருவரும் சீட்டைத் தட்டிச் சிரித்தார்கள். போனில் குரல் தொடர்ந்தது.

"அது சரி, எப்ப கீழ எறங்கணும்? அதுக்கு ஒரு சத்தமும் சொல்லலியே நீ. வெயில் கொளுத்துது."

இளைஞன் அவளைப் பார்த்தான். "அதை வைக்கவேயில்லியே அக்கா."

அவள் போனை அவன் கையில் திணித்தாள்.

"சைரன்கிட்ட கீற நம்ம ஆளுக்குப் போன் போடு. அந்தப் பழைய சங்கையே ஊதச் சொல்லு. சோறு துன்ன எல்லாரும் எறங்கிடுவாங்க."