பேராசிரியை கையெழுத்திடாத கருத்துரை

1. இதை வாசிக்கும் நான் ஓய்வு பெற்ற அரசு வழக்கறிஞர். மறைந்த உளவியல் பேராசிரியை அம்மையாரின் நண்பன் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு உண்டா என்பதை, கேட்டபின் நீங்களே முடிவு செய்யலாம்.

2. இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமையேற்றுள்ள கல்லூரி முதல்வர் அவர்களே, அம்மையாரின் கணவர் அவர்களே, அவரிடம் முதலாண்டுப் பாடம் கேட்ட மாணவர்களே, துயரத்தோடு வணங்குகிறேன்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு நகைக்கடையில் கொள்ளை நடந்தது. எதிரே மருந்துக்கடை வைத்திருந்த பெண்மணி, அடையாள அணிவகுப்பில் ஒரு பெயின்டரைக் காட்டினார். பெயின்டர் தரப்பின் நிபுணர் சாட்சியாக அம்மையார் கூண்டேறிச் சொன்னார்: அணிவகுப்புக்கு முன் சாட்சிக்குப் படம் காட்டப்பட்டிருந்தால், கண்டதையும் காட்டப்பட்டதையும் மனம் ஒரே நினைவாகத் தைத்துவிடும்.

"சம்பவத்தப்போ நீங்க அங்க இருந்தீங்களாம்மா?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டேன்.

"இல்லீங்க."

"அப்போ பார்த்தவங்களை விட உங்களுக்கு நல்லாத் தெரியுமோ?"

நீதிமன்றம் சிரித்தது. பெயின்டருக்குப் பதினான்கு ஆண்டுகள் சிறை.

அம்மையார் அன்று சினக்கவில்லை. பின்னரும் சினக்கவில்லை. ஓராண்டுக்கு முன் என்னைத் தம் வகுப்புக்கு அழைத்தார். பாடத்தின் நடுவே ஒருவர் வந்து மேசைமேல் இருந்த பையை எடுத்துச் சென்றார். "அவரோட தாடி என்ன நிறம்?" என்று அம்மையார் கேட்டார். 'கறுப்பு, நூறு சதவீதம் உறுதி' என்று எழுதிக் கொடுத்தேன். அந்த மனிதர் திரும்பி வந்தார். மழுமழுவென்ற முகம்.

"நான் பொய் சொல்லிட்டேனாம்மா?"

"இல்ல சார். அந்தக் கடைக்காரம்மாவும் பொய் சொல்லலை. அதுதான் இதுல கொடுமை."

அன்றே அவரிடம் ஒப்புக்கொண்டேன். பெயின்டரின் படம் முன்பே காட்டப்பட்டிருந்தது. அந்தக் குறிப்பு என் கோப்பில் இருந்தது. முக்கியமல்ல என்று கருதி நான் அதைத் தாக்கல் செய்யவில்லை.

மறுவிசாரணை மனுவுக்கான கருத்துரையை நான்கே நாளில் அவர் எழுதி முடித்தார். அந்தக் குறிப்பைப் பற்றி மனுவில் நான் எழுதவேண்டிய பகுதியைப் பதினோரு மாதம் திருத்தினேன். எச்சரிக்கை என்று அதற்குப் பெயர் வைத்தேன். அச்சம் என்பதே சரியான பெயர்.

கடைசியாகத் தொலைபேசியில் சொன்னார்: "ஒவ்வொரு கமாவுக்கும் ஜாமீன் வாங்கணுமா சார்? அந்த மனுஷன் உள்ளே இருக்காரு. அனுப்புங்க, சேர்த்துக் கையெழுத்துப் போட்டுடறேன்."

திங்களன்று அனுப்புவதாகச் சொன்னேன். சனிக்கிழமை அவருடைய இதயம் நின்றுவிட்டது.

எங்கே போய் அந்த இரண்டு நாளைக் கேட்பேன்? யாரிடம் மன்றாடுவேன்?

பெயின்டரின் மனைவி இந்த அரங்கில் இருக்கிறார். அம்மா, பேராசிரியையின் கையெழுத்தை இனி யாராலும் பெற முடியாது. குறிப்பை மறைத்தவன் நான் என்ற பிரமாண வாக்குமூலத்தில் உங்கள் முன் இப்போதே கையெழுத்திடுகிறேன். நாளை நீதிமன்றம் திறந்ததும் தாக்கலாகும். அதன் விளைவு எதுவாயினும் ஏற்கிறேன். உங்கள் கணவர் வெளியே வரும்வரை இந்த வேலையை விடமாட்டேன்.

கையொப்பம்: அரசு வழக்கறிஞர் (ஓய்வு)

சாட்சிகள்:
பேராசிரியையின் கணவர்
பெயின்டரின் மனைவி