முதன்முறை தாரா பிடிக்கப் போகிறவர்களுக்கு

காட்டுத்தாரா வாத்தின் இறைச்சிக்குத் தேங்காய்ப்பால் விடக்கூடாது, சேர். மிளகும் உள்ளியும் கூடப் போட்டு, தண்ணீர் வற்றும்வரை பிரட்டி எடுக்க வேண்டும். பால் விட்டால் சேற்று மணம் எழும்பும். குருநகரில் பாதிப்பேருக்கு இது இன்னும் விளங்கவில்லை.

தேநீருக்கு நன்றி. நீங்கள் இதுவரை தாரா பிடித்ததில்லை என்றீர்கள். சட்டப்படி பிடிக்கக்கூடாதுதான், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எப்படிப் பிடிப்பது என்று தெரியாவிட்டால் மற்ற விஷயம் உங்களுக்கு விளங்காது. ஆகவே முதன்முறை போகிறவருக்குச் சொல்வது போலவே சொல்கிறேன்.

துவக்கு வேண்டாம். ஒரு வெடிக்கு ஒரு தாரா விழும். மிச்சமெல்லாம் ஆனையிறவு தாண்டிப் போய்விடும். வேண்டியது ஒரு றெஜிபோம் பெட்டி. ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற வெள்ளைப் பெட்டிதான். எங்கள் கடலில் உடைந்த பெட்டிகள் எந்த நேரமும் மிதந்துகொண்டிருக்கும். மாரி மழையோடு வந்து இறங்கும் தாராக்களுக்கு அது புதினமில்லை. பெட்டியின் மேலேறி நின்று செட்டை கோதும்.

பெட்டியைக் கவிழ்த்துத் தலையில் போட வேண்டும். கண்ணுக்கு இரண்டு துளை. நாவற்குழிப் பக்கம் நெஞ்சளவு தண்ணீரில் முழங்காலை மடித்து, பெட்டி மட்டும் வெளியே தெரிய, காற்று போகும் பக்கமாக நகர வேண்டும். காற்றுக்கு எதிரே வரும் பெட்டியை எந்தத் தாராவும் நம்பாது. புதியவர்கள் விடும் முதற்பிழை அது. அடுத்தது கதைப்பது. பெட்டிக்குள் இருந்து கதைப்பது தண்ணீரில் வெகுதூரம் போகும்.

கிட்டப் போனதும் தண்ணீருக்குள்ளால் கையை நீட்டி, தாராவின் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து இழுக்க வேண்டும். நேராகக் கீழே. பதறக்கூடாது. அது கத்துவதற்கு முன்பே வாய்க்குள் தண்ணீர் போய்விடும். பக்கத்தில் நிற்கும் தாராக்கள், அது இரை தேடத் தலையை விட்டிருக்கிறது என்று நினைத்துத் தங்கள் பாட்டில் இருக்கும். அசைவு நிற்கும்வரை பிடித்திருந்துவிட்டு, இடுப்புக் கயிற்றில் கொழுவிக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம். பொறுமைதான் இதில் எல்லாம்.

நான் முன்பு ஐஸ் பக்டரியில் இரவு வேலை செய்தேன். பகலில் நித்திரை வரவில்லை, இரவில் ஆட்களைப் பிடிக்கவில்லை. விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு தாராதான். சாப்பாடு அக்காவின் வீட்டில். அக்காவின் பெயர் யோசப்பின்; அம்மா செத்ததிலிருந்து எனக்குச் சோறு போட்டவர். நான் பிடித்துக்கொண்டு வருவேன், அவர் உரித்துக் காய்ச்சுவார், இருவரும் சாப்பிடுவோம். எங்களுக்கு எந்தக் குறையும் இருக்கவில்லை.

அக்காவின் கணவர் டினேஸ் அத்தான் கனடாவில் இருந்தார். கல்யாணம் முடித்த கையோடு போனவர், போன மாரிக்கு வந்தார், அக்காவைக் கூட்டிக்கொண்டு போவதற்கு. நல்ல மனிதர். எனக்குச் சப்பாத்து கொண்டுவந்தார்; அளவும் சரியாக இருந்தது. வந்த அன்றே என் தோளில் கை போட்டார்.

“யோசியாதை மச்சான். ரெண்டு வருஷத்திலை உன்னையும் கனடாவுக்கு எடுப்பம்.”

அலுமாரியில் இருக்கும் சாமானை எடுப்பது போலச் சொன்னார். அதுவரைக்கும் எனக்கு யார் சோறு போடுவது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தாரா பிடிக்கப் பழக்கச் சொல்லிக் கேட்டது அவர்தான். அதை நீங்கள் கவனிக்க வேண்டும். நான் கூப்பிடவில்லை. விடிந்து, வெயில் ஏறியபிறகு வெளிக்கிட்டோம். அக்கா படலைவரை வந்தார்.

“கனிசி, உவருக்கு நீந்தத் தெரியாது. பாத்துக்கொள்.”

“நெஞ்சளவு தண்ணியிலை என்ன நீச்சல்? நீர் போய் மிளகை இடியும்,” என்றார் அத்தான்.

பக்கத்து வீட்டு லியோன் அண்ணையும் எங்களோடு வந்தார். சீருடையோடு யாராவது வந்தால் கரையிலிருந்து விசிலடிப்பது அவருடைய வேலை. அத்தான் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

“பாருங்கோ அண்ணை, கனடாவிலையிருந்து வந்தவனைப் பெட்டியிலை அடைக்கிறான்.”

“கவனம், கூலர் லொறிக்காரர் கண்டா ஏத்திப்போடுவாங்கள். கொழும்பிலைதான் இறங்குவீர்.”

“என்ன மீனெண்டு எழுதுவாங்கள்?”

“உந்த வயித்துக்கு ஏத்துமதி சரிவராது. கருவாட்டுக்குத்தான்.”

நானும் சிரித்தேன். நல்ல வெயில், நல்ல காற்று. தாராக்களும் நிறைய நின்றன.

புதியவர்களின் உடம்பு மிதக்கப் பார்க்கும். அதற்காகச் சிலர் இடுப்பில் வலை ஈயம் கட்டிக்கொள்வார்கள். நான் கட்டுவதில்லை, அது தேவையும் இல்லை. அத்தானுக்குக் கட்டிவிட்டேன். கரையில் அல்ல; தண்ணீருக்குள் நின்றபடி.

“பாரமாக் கிடக்கு மச்சான்.”

“பழகீடும்,” என்றேன்.

நான் எதையும் நினைத்துக்கொண்டு போகவில்லை என்று எழுதுங்கள். ஈயத்தை வீட்டிலிருந்தே காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனேன் என்பதையும் எழுதுங்கள். இரண்டும் உண்மைதான்.

அத்தான் விரைவாகப் படித்தார். காற்றோடு போனார். கதைக்கவில்லை. ஒரு தாரா வந்து அவருடைய பெட்டியை அலகால் தட்டிப் பார்த்தது. பெட்டி குலுங்கியது, உள்ளே சிரித்திருக்க வேண்டும். என் பெட்டியை மிதக்க விட்டுவிட்டு நான் அடியால் போனேன். இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து இழுத்தேன். முறை ஒன்றுதான், மனிதருக்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுக்கும். இடையில் எனக்கு மூச்சு முட்டியது. அவரை முழங்காலால் அமத்திக்கொண்டு, அவருடைய பெட்டிக்குள்ளேயே தலையை விட்டு மூச்செடுத்தேன். உள்ளே அவர் சவரம் செய்து பூசிய வாசனை இருந்தது. பிறகு மறுபடி கீழே போனேன்.

ஒரு தாராகூட எழும்பிப் பறக்கவில்லை. அதைச் செய்யக்கூடியவர்கள் இந்தப் பக்கத்தில் அதிகம் பேர் இல்லை.

நான் தனியே கரைக்கு வந்தபோது லியோன் அண்ணை சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு இரகசியமாகச் சொன்னார்.

“உன்ரை அத்தான் விண்ணன்ரா. அப்ப துடக்கம் பாக்கிறன், பெட்டி ஆடவே இல்லை. நீ இன்னும் உப்பிடி நிக்கப் பழகேல்லை.”

“ஓம் அண்ணை,” என்றேன்.

கொஞ்சம் பொறுத்துத்தான் கத்தினேன். ஈயத்தை ஏற்கெனவே அவிழ்த்துச் சேற்றில் புதைத்திருந்தேன். நீந்தத் தெரியாதவர், முதல் தரம் இறங்கியவர், சேற்றில் கால் புதைந்துவிட்டது. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நான் சொல்லவேண்டிய தேவைகூட இருக்கவில்லை. விபத்து என்று முடிந்தது. அடக்கத்தன்று அக்கா என் தோளில் சாய்ந்துதான் அழுதார். வேறு யார் தோளிலும் அல்ல.

அதற்குப் பிறகு ஒரு வருடம் நன்றாகப் போனது. அக்கா அதிகம் கதைக்கவில்லை, ஆனால் மூன்று நேரமும் சமைத்தார். தாரா மட்டும் உரிக்க மாட்டேன் என்றார். பரவாயில்லை, நானே உரித்தேன்.

இன்றுவரை யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை, நீங்களும்தான். ஆகவே நான் ஏன் என் பாட்டில் நடந்து வந்து இந்தக் கதிரையில் இருக்கிறேன் என்று நீங்கள் கேட்பது நியாயம்.

அத்தானின் தமக்கை கனடாவிலிருந்து அக்காவைத் தன்னிடம் கூப்பிட்டிருக்கிறார். விசா வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பிளேன். நேற்று மத்தியானம் என் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டுக்கொண்டே அக்கா சொன்னார்:

“கனிசி, உனக்குச் சோறு காய்ச்சக் காட்டித்தாறன். லேசுதான்.”

“ஏன்? நீங்கள் போகத்தான் வேணுமோ?”

“எனக்கு இஞ்சை இருக்கேலாதடா. உந்தத் தண்ணியைப் பாக்கேலாமக் கிடக்கு.”

நான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். துக்கத்தில் எடுத்த முடிவு அது. அங்கே குளிர். தெரியாத ஊர். மற்றவர்கள் வீட்டில் ஒரு மூலையில் இருக்க வேண்டும். இங்கே ஒரு கொலை வழக்கு நடந்தால், செத்தவரின் மனைவி என்று அக்காவும் சாட்சி சொல்ல வேண்டும். சாட்சிக்காரரை நாட்டை விட்டுப் போக விடமாட்டார்கள்தானே? மறியலில் அடைபட்டிருப்பவருக்கு வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவரலாம் என்றும் விசாரித்து அறிந்தேன்.

டினேஸ் அத்தானைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். அதற்கு முன் யாரையாவது அனுப்பி அக்காவின் பாஸ்போட்டை வாங்கி வையுங்கள், சேர். பாவம், நான் இல்லாமல் அக்காவுக்கு இருக்கத் தெரியாது.