சுகமான சிந்தியா

— டாக்டர் சொன்னத யார்கிட்டயும் சொல்ல வேணாம், சிந்தியா. நம்ம ரெண்டு பேருக்குள்ளயே இருக்கட்டும்.

— ஆட்டோக்காரர் கேட்டுட்டாரே.

— வெளையாடாத. அவர் கன்னடக்காரர். அவருக்கு எங்க புரியப் போவுது.

— பெங்களூர்ல தமிழ் புரியாத ஆட்டோக்காரர எங்க பாத்தீங்க?

— பாரு சிந்தியா, ஞாயித்துக்கிழமை உன் சாட்சி இருக்கு. சபை முழுக்க சொல்லியாச்சு. ஓசூர்லருந்து கூட ஒரு கூட்டம் வராங்க.

— தெரியும். மைக்ல சொன்னீங்களே. "பாஸ்டர் ரெமிஜியஸ் அவர்களின் மனைவி, புற்றுநோயிலிருந்து பூரண சுகம் பெற்ற சகோதரி சிந்தியா." நான் கீழ வீட்டுல அரிசி களைஞ்சிட்டு இருந்தேன். யாரோ ஒரு சிந்தியாவாம், குடுத்து வெச்சவன்னு நெனைச்சிக்கிட்டேன்.

— போன தடவ ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னுதானே வந்துச்சு? நான் ஒண்ணும் பொய் சொல்லலியே.

— பொய் சொன்னீங்கன்னு யாரு சொன்னா? ஆபரேஷன் பண்ணதயும் சொல்லியிருக்கலாம். கீமோ எடுத்ததயும் சொல்லியிருக்கலாம். முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, எச்சில் முழுங்க முடியாம கெடந்தேன். அதெல்லாம் நீங்க சொல்ற கதையில இல்லவே இல்ல. ஜெபம் பண்ணோம், சுகமாச்சு. அவ்ளோதான்.

— மகிமை முழுசும் கர்த்தருக்குப் போவணும்னுதான்.

— அந்த டாக்டரம்மாவுக்குக் கொஞ்சம் போனா அவர் கோச்சுக்க மாட்டாரு.

— இன்னிக்கு எடுத்தது தப்பா கூட இருக்கலாம். மெஷின்தானே. வேற எடத்துல ஒரு தடவ எடுத்துப் பாப்போம்.

— என்னங்க. கல்லீரல்ல வந்திருக்கு. முதுகெலும்புலயும் இருக்கு. டாக்டரம்மா விரல வெச்சிக் காட்டினாங்க, நீங்களும் பக்கத்துல நின்னு பாத்தீங்க.

— நான் அத ஏத்துக்கல. இயேசுவின் நாமத்துல நான் அத ஏத்துக்கவே மாட்டேன்.

— மெதுவா. பக்கத்துல பைக்ல நிக்கறவன் திரும்பிப் பாக்கறான்.

— பாக்கட்டும். நீ முதல்ல அந்த வார்த்தைய வாயால சொல்லாத. அவிசுவாசமா அறிக்கை பண்ணா, வேண்டாதது வந்து சேரும்.

— வந்துதான் சேர்ந்துடுச்சே. இனிமே சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?

— சரி, விடு. தண்ணி குடிக்கறியா?

— குடுங்க.

— மெல்ல. முதுகு ரொம்ப வலிக்குதா?

— ம். வண்டி பள்ளத்துல எறங்கும்போதெல்லாம் உயிர் போவுது. இந்த சில்க் போர்டு சிக்னல தாண்டிட்டா கொஞ்சம் சீரா போகும்.

— என் மேல சாஞ்சிக்க.

— இப்ப கேட்டீங்க பாருங்க, வலிக்குதான்னு. அப்படிக் கேட்டு எவ்ளோ நாள் ஆச்சு தெரியுமா?

— தினமும் உனக்காகத்தானே முழங்கால்ல நிக்கறேன்.

— நிக்கறீங்க. வலிக்குதுன்னு நான் சொன்னா, சொல்லி முடிக்கறதுக்குள்ள தலைல கை வந்துடுது. ஜெபம் ஆரம்பிச்சிடுது. ஜெபம் வேணாம்னு சொல்லல. அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் சும்மா பக்கத்துல உக்காரலாம். ரொம்ப வலிக்குதாடின்னு கேக்கலாம்.

— எனக்கு அப்படி உக்காரத் தெரியல, சிந்தியா.

— நான் ரொம்பக் களைச்சுப் போயிட்டேங்க. நோவு கூடப் பரவால்ல. சுகமானவளா இருக்கறதுதான் என்னால முடியல.

— என்ன பேச்சு இது?

— உண்மையத்தான் சொல்றேன். புதன்கிழமை கூட்டத்துக்கு சிஸ்டருங்க வரும்போது பவுடர் போட்டு, நல்ல பொடவையா கட்டி, விக் வெச்சி, சிரிச்சிக்கிட்டு நிக்கணும். ஒருத்தி என் கையப் புடிச்சிக் கண்ணுல ஒத்திக்கறா. இன்னொருத்தி கொழந்தைய என் மடியில போட்டு, தொட்டுக் குடுங்க சிஸ்டர்ங்கறா. எல்லாரும் போனதும் பாத்ரூம்ல போயி தாழ்ப்பாள் போட்டு உக்காந்துக்கறேன். அங்கதான் நான் நோயாளியா இருக்க முடியுது.

— அவங்களுக்கு அது எவ்ளோ பெரிய ஆறுதல்னு உனக்குத் தெரியாது. பாதி பேர் கார்மெண்ட்ஸ்ல நாள் பூரா நின்னுட்டு வரவங்க. உன்னைப் பாத்துதான் தெம்பா வீட்டுக்குப் போறாங்க.

— தெரியும். அதனாலதான் இவ்ளோ நாள் வாயத் தொறக்கல.

— ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. விசுவாசத்த விட்டுட்டியா?

— விட்டிருந்தா எதுக்கு இவ்ளோ பேசப் போறேன்? பேசாம படுத்திருப்பேன்.

— அப்பறம் ஏன் இப்படி?

— இன்னிக்கு அந்த மெஷினுக்குள்ள படுக்க வெச்சாங்களே. கண்ண மூடிக்கிட்டு ஒரு வசனம் சொல்லலாம்னு பாத்தேன். ஒண்ணும் வரல. ஞாயித்துக்கிழமை பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தது கூட வரல. சரி, வராட்டி போகுதுன்னு, "ஆண்டவரே, இருக்கீங்களா"ன்னு மட்டும் கேட்டேன்.

— அவர் என்ன சொன்னாரு?

— ஒண்ணும் சொல்லல.

— ஒண்ணுமே இல்லையா?

— இல்ல. ஆனா தனியா படுத்திருக்க மாதிரியும் இல்ல. சுகம் குடுங்கன்னு கேக்கறதுக்கு என்கிட்ட தெம்பு இல்ல, அவரும் கேளுன்னு தொந்தரவு பண்ணல. அப்படியே அவர் மேல சாஞ்சிக்கிட்டேன், இப்ப உங்க மேல சாஞ்சிருக்க மாதிரி. அதுக்குப் பேரு விசுவாசம்னா என்கிட்ட அது இருக்கு. அதுக்கு மேல என்கிட்ட இல்ல.

— நீ சாட்சி சொல்லும்போது இத இப்படியே சொல்ல முடியாது, சிந்தியா.

— ஏன் முடியாது?

— சொன்னா சபை ஒடைஞ்சிடும். கம்பெனி வேலைய விட்டுட்டு, ஒவ்வொரு வீடா படியேறி இவங்கள சேத்திருக்கேன். பாஸ்டர் பொண்டாட்டி ஜெபத்தையே கர்த்தர் கேக்கல, நம்ம ஜெபத்த எங்க கேக்கப் போறாருன்னு ஒவ்வொருத்தரா போயிடுவாங்க.

— காந்தா வந்திருந்தா, போன கூட்டத்தன்னிக்கு. நீங்க மேல ஹால்ல நாற்காலி போட்டுட்டு இருந்தீங்க.

— எந்த காந்தா?

— கார்மெண்ட்ஸ்ல தைக்கறாளே, கிருஷ்ணகிரிக்காரி. வலிப்பு வருமே அந்தப் பொண்ணு.

— தெரியும், தெரியும். அவளுக்காக உபவாசம் இருந்து ஜெபிச்சேன். ரொம்ப நாளா வலிப்பே வரல. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

— மாத்திர சாப்பிட்டதால வரல. இப்ப மாத்திரய நிறுத்திட்டாளாம்.

— நான் சொல்லல. யார்கிட்டயும், எப்பவும், மாத்திரய நிறுத்துன்னு நான் சொன்னதே இல்ல.

— நீங்க சொல்லல. என்னைப் பாத்து நிறுத்திட்டா. "உங்களுக்கே மருந்தில்லாம சரியாச்சே சிஸ்டர், எனக்கு இந்தச் சின்ன வியாதிக்கு எதுக்கு மாத்திர"ன்னு சிரிக்கறா. நான் தலைல விக் வெச்சிக்கிட்டு அவ எதிர்ல நிக்கறேன். சொல்ல வாய் வரல.

— ஏன் அப்பவே சொல்லல?

— சொன்னா உங்கள விட்டுக் குடுத்த மாதிரி ஆயிடுமேன்னு இருந்தேன். இன்னிக்கு ஸ்கேன் வரட்டும், அப்பறம் பாக்கலாம்னு இருந்தேன். வந்துடுச்சு. பாக்கறதுக்கு இனிமே என்ன இருக்கு?

— அவ கையில ஓடற மெஷின். வேலை நேரத்துல வலிப்பு வந்தா?

— படிக்கட்டுல வந்தா? ரோடு தாண்டும்போது வந்தா? ரெண்டு நாளா இதேதான் எனக்குள்ள ஓடுது. என் கல்லீரலப் பத்தி நான் நெனைக்கவே இல்ல.

— சரி. ஞாயித்துக்கிழமை அவளத் தனியா கூப்பிட்டுச் சொல்லிடறேன்.

— இன்னிக்கே போவோம்.

— உன்னால நிக்க கூட முடியல.

— நான் நிக்கல, ஆட்டோதானே போகுது. அவ ரூம் ஹெப்பகோடி மார்க்கெட் பக்கம்தான். காலை ஷிப்ட்தான், இந்நேரத்துக்கு வந்திருப்பா. அண்ணா, மெயின் ரோட் பேடா. மார்க்கெட் ஹத்ர லெஃப்ட் தகோளி.

— ஆகட்டும்மா, மெயின் ரோடு வேணாம், மார்க்கெட்கிட்ட லெஃப்ட் எடுத்துக்கறேன். அந்த ரோட்ல எல்லாம் பள்ளம், நான் ஆட்டோவ மெதுவாவே ஓட்டறேன். நீங்க கம்பிய புடிச்சிக்கங்க.

— கேட்டீங்களா? தமிழு.

— அவகிட்ட என்னன்னு சொல்ல? உன்னைப் பத்திப் பேசாம, மாத்திரய சாப்பிடுன்னு மட்டும் சொன்னா போதாதா?

— ஏன் பாஸ்டர்னு கேப்பா. அப்ப என்ன சொல்வீங்க?

— அவ போயி சபை முழுக்க சொல்லிட்டா?

— என்னங்க, என்னைப் பாருங்க. சபை போயிடும்னுதான் இவ்ளோ பயமா?

— இல்ல.

— பின்ன?

— நீ போயிடுவியேன்னுதான். நமக்குப் புள்ள குட்டி இல்ல. உன்னை விட்டா என் வீட்டுல யாரு இருக்கா? நான் தொண்டை கிழியக் கத்தி ஜெபிக்கறப்பல்லாம் உள்ள இதுதான் ஓடிக்கிட்டு இருக்கும். கத்தறத நிறுத்தினா அது மேல ஏறி வந்து உக்காந்துக்கும். அதனால நிறுத்தறதே இல்ல.

— எனக்குத் தெரியும்.

— எப்படித் தெரியும்?

— நான் தூங்கும்போது மூக்குகிட்ட கைய வெச்சிப் பாக்கறீங்களே. மூச்சு வருதான்னு.

— நீ முழிச்சிக்கிட்டா இருந்த?

— வலியில எங்க தூக்கம்? கண்ண மூடிக்கிட்டு, உங்களுக்காக நல்லா இழுத்து மூச்சு விடுவேன்.

— சிந்தியா.

— அழாதீங்க. எடம் வந்துடுச்சு. அண்ணா, இங்கயே நிறுத்துங்க. கொஞ்ச நேரம் இருங்க, இப்ப வந்துடுவோம்.

— கைய குடு. படி இருக்கு, பாத்து வை. காந்தா. காந்தா, வீட்டுல இருக்கியாம்மா?

— யாரு? ஐயே, பாஸ்டரா? சிஸ்டரும் வந்துக்கிறாங்களே. வாங்க வாங்க. ரூம் எல்லாம் போட்டது போட்டபடி கெடக்குது, ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க.

— பரவால்ல காந்தா. நெத்தியில என்னது, இப்படி வீங்கியிருக்கு?

— அதுவா சிஸ்டர், கொழாய்கிட்ட வழுக்கி வுழுந்துட்டேன். நேத்து.

— வழுக்கினதா? இல்ல அது வந்துச்சா?

— வந்துச்சி சிஸ்டர். தண்ணி புடிக்கப் போனேன், அவ்ளோதான் ஞாபகம் இருக்குது. பக்கத்து ரூம் ஃபாத்திமா அக்காதான் தூக்கினு வந்து படுக்க வெச்சாங்க. பாஸ்டர், உங்க காலப் புடிச்சிக் கேக்கறேன், சபையில யாருக்கும் சொல்லாதீங்க. என் விசுவாசம்தான் பத்தல. சிஸ்டருக்கு இருக்கற மாதிரி எனக்கு இல்ல. இனிமே சரியா இருக்கறேன்.

— காந்தா, மாத்திரய எங்க வெச்சிருக்க?

— அலமாரி மேல போட்டுட்டேன் பாஸ்டர்.

— எடுத்துட்டு வா. இப்பவே என் எதிர்ல போடு. நாளைக்குக் காலைல டாக்டர்கிட்ட நானே கூட்டிட்டுப் போறேன்.

— இன்னாங்க பாஸ்டர் இப்படிச் சொல்றீங்க? சிஸ்டரு மாத்திர மருந்து இல்லாமதானே...

— சிஸ்டருக்கு ஆபரேஷன் பண்ணாங்க, காந்தா. கீமோ குடுத்தாங்க. சபையில நான் அத சொல்லாம விட்டுட்டேன். இப்ப வியாதி திரும்பி வந்திருக்கு. அவளுக்கு சுகமாகல.

— சிஸ்டர், நெஜமாவா?

— நெஜம்தான்மா. இதப் பாரு, இது விக். கழட்டிடறேன். காலைலருந்து இப்பதான் தலைல காத்து படுது.

— ஐயே, சிஸ்டர். இங்க வாங்க, இந்தத் தலகாணியில சாஞ்சிக்குங்க. கால நீட்டிக்குங்க. எவ்ளோ மெலிஞ்சி பூட்டீங்க, எனக்குத் தெரியவே இல்லியே.

— தெரியக்கூடாதுன்னுதானே அவ்ளோ பவுடர் போட்டேன். உன் விசுவாசத்துல ஒரு கொறையும் இல்ல, காந்தா. வியாதி வந்திருக்கு, அவ்ளோதான். எனக்கும் அப்படித்தான்.

— அப்ப நம்ம சொன்னத ஏசப்பா கேக்கலியா பாஸ்டர்?

— கேட்டாரு. கேக்கறாரு. ஆனா ஏன் இப்படின்னு நானும் அவர்கிட்டதான் கேக்கணும்மா. அவர விட்டா எனக்குப் போக எடம் இல்ல. அது ஒண்ணுதான் தெரியும்.

— சரிங்க பாஸ்டர். தண்ணி ஊத்திக்கினேன், மாத்திர போட்டுக்கறேன். எப்பவும் போல தலைல கைய வெச்சி ஒரு ஜெபம் சொல்லிடுங்க.

— இன்னிக்கு நீ சொல்லு.

— நானா? யாருக்கு?

— எங்களுக்கு. எனக்கு பயமா இருக்கு, காந்தா.

— உங்கள மாதிரி எனக்குப் பேச வராதுங்களே.

— வர மாதிரி சொல்லு. போதும்.

— அப்ப கொஞ்சம் குனிங்க பாஸ்டர், எனக்குக் கை எட்டல. ம், இப்ப சரி. ஏசப்பா, நான் காந்தா பேசறேன். எங்க பாஸ்டருக்கு பயமா இருக்குதாம்.