நாக்குக்கு அடியில்

அக்கா: வாயத் திற.

தம்பி: என்னக்கா இது, கடைல ஆளுங்க பாத்தா...

அக்கா: ஈ காக்கா இல்ல. திறடா.

தம்பி: ம்ஹூம்.

அக்கா: அழுக்குத்துணி மூட்டைய எறக்குன கையோட அந்தப் பக்கம் திரும்பி எதையோ வாய்ல போட்ட. மறுபடியும் புகையிலையா?

தம்பி: ஐயோ, அதெல்லாம் விட்டாச்சு.

அக்கா: நாக்கத் தூக்கு... என்னது வெள்ளையா?

தம்பி: பெப்பர்மிண்ட்டு.

அக்கா: பெப்பர்மிண்ட்டு தின்னா இப்படி வேர்த்துக் கொட்டுமா? இஸ்திரி மேசையப் புடிச்சுக்கிட்டு நிக்கிற!

தம்பி: ...மாத்திரைக்கா. நெஞ்சு வலிக்கு. நாக்குக்கு அடியில வச்சா ரத்தக்குழாய் விரியும்னு டாக்டர் குடுத்தாரு.

அக்கா: மொதல்ல உக்காரு! நின்னுக்கிட்டே வச்சா தலை சுத்தி விழுந்துடுவ.

தம்பி: உக்காந்துட்டேன், கத்தாத.

அக்கா: வலி?

தம்பி: விடுது... தலைதான் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.

அக்கா: தெறிக்கத்தான் செய்யும். மிச்ச மாத்திரை எங்க?

தம்பி: பைல. காகிதத்துல மடிச்சு வச்சிருக்கேன்.

அக்கா: கெட்டது போ! அது வந்த கண்ணாடி புட்டியிலதான்டா இருக்கணும். இங்க அடிக்கிற நீராவில வீரியமே போயிடும். ஸ்ப்ரே கேட்டிருக்கலாம்ல? வாய் காஞ்சு கெடந்தாலும் நாக்குக்கு அடியில அடிச்சா வேலை செய்யும்.

தம்பி: உடம்புல ஒட்டுற பட்டைன்னு ஒண்ணு இருக்காமே...

அக்கா: அது வலி வராம இருக்க. வந்த வலிக்கு ஆகாது, மெதுவாத்தான் இறங்கும். தூங்கப்போறப்ப எடுத்துடணும், இல்லேன்னா மருந்து உடம்புக்குப் பழகி, வேலை செய்யாது.

தம்பி: ...ஏன்க்கா.

அக்கா: என்னடா?

தம்பி: காய்ச்சலுக்கே டாக்டர்கிட்ட போகாத ஆளு நீ. இவ்வளவு வெவரம் எப்படி?

அக்கா: டிவில சொன்னாங்க.

தம்பி: நீ சீரியலத் தவிர எதப் பாத்த?

அக்கா: மருந்துக்கடைக்காரர் பேசிட்டிருந்தாரு...

தம்பி: டிவியா, மருந்துக்கடையா? ஒண்ணச் சொல்லு. இந்த வெக்கையில முழுக்கை ரவிக்கை எதுக்கு?

அக்கா: சும்மாதான்...

தம்பி: கைய மடக்கு. மடக்குக்கா... இதென்ன?

அக்கா: இஸ்திரிப்பெட்டி சுட்டுடுச்சு. பிளாஸ்திரி.

தம்பி: சுட்ட புண்ணுக்கு ஒட்டுற பிளாஸ்திரியா இது? எங்கிட்டயேவா?

அக்கா: கைய விடுடா.

தம்பி: முட்டி வலி, மாடி ஏற முடியலன்னு மூட்டையெல்லாம் எங்கிட்ட விட்டியே... அப்பவேவா?

அக்கா: முட்டி நல்லாத்தான்டா இருக்கு. ரெண்டு மாடி ஏறுனா எனக்கும் நெஞ்சு அடைச்சுது... நீயாவது கல்லு மாதிரி இருக்கியேன்னு, உன் தோள்ல ஏத்திவிட்டேன்.