அதே கட்டை, அதே வெளிச்சம்

ஒரு வேனுக்குள் இரண்டு பேர் சேர்ந்து வாழ்வதற்குப் பெரிய மனசெல்லாம் தேவையில்லை, சார்ஜென்ட். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைத்தால் போதும். டீகனுக்கு அது கடைசிவரை வரவில்லை. கரண்டி படுக்கையில் கிடக்கும். டூத்பிரஷ் கண்ணாடி இடுக்கில் செருகியிருக்கும். டார்ச்சைத் தேடினால் அவளுடைய ஈரத் துண்டுக்கு அடியிலிருந்து வரும். மற்றபடி என் மனைவியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அதை முதலில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பெண்டிகோ நகரத்தில் எங்களுக்குக் கல்யாணம் ஆனது. நான் வீடுகளுக்குச் சுவர்ப் பூச்சு வேலை செய்துகொண்டிருந்தேன். அவள் முதியோர் இல்லத்தில் கிழவர்களைக் குளிப்பாட்டித் தலைவாரி விடுவாள். வாடகைக்குக் கொட்டுவதைப் பெட்ரோலுக்குக் கொட்டினால் நாட்டையாவது சுற்றிப் பார்க்கலாமே என்று நான்தான் ஆரம்பித்தேன். சோபா முதல் எல்லாவற்றையும் விற்று வேன் வாங்கினோம். இணையத்தில் ‘ப்ரோடியும் டீகனும்’ என்று ஒரு பக்கம் தொடங்கினோம். எங்கே போனாலும் படம் போடுவோம். வெள்ளை மணல் கடற்கரையில் அவள் ஓடுவது, ஆள் அரவமில்லாத நெடுஞ்சாலையில் நாங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது, வேனின் பின்கதவைத் திறந்துவைத்து இரண்டு பேரும் ஒரே கோப்பையில் டீ குடிப்பது. ஜோடி என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று முன்பின் தெரியாதவர்கள் எழுதுவார்கள். படித்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

ஒரே கோப்பையில் டீ குடிப்பதை எடுக்க ஒரு காலைப்பொழுது முழுவதும் ஆனது. டீ நான்கு தடவை ஆறியது. டீகன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். நல்ல படம் என்றால் அப்படித்தான். யாருக்காவது கொஞ்சம் கஷ்டம் இருக்கும்.

எஸ்பெரன்ஸில் அவளுடைய இடது மணிக்கட்டு வீங்கியதைப் பற்றிக் கேட்டீர்கள். நான் அதைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தேன். அவள் இழுத்தாள். பிடித்திருப்பதை இழுத்தால் வீங்கத்தான் செய்யும். படத்தில் அந்தக் கையை நானே உட்கார்ந்து சரிசெய்தேன், நேரம் பார்க்காமல். கார்னார்வனில் பல் போனதும் உண்மை. கெட்டிலை அடுப்பிலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டாள், அடி தீய்ந்துபோயிற்று. நான் அதைத் தூக்கி வீசினேன். அவள் நின்ற பக்கம்தான் வீசினேன் என்றாலும், அவள் திரும்பாமல் இருந்திருந்தால் காதோடு போயிருக்கும். அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டே சிரிக்கப் பழகினாள். இந்தச் சிரிப்பு இன்னும் அழகு என்று நிறையப் பேர் எழுதினார்கள். அவளிடம் படித்துக் காட்டினேன்.

இப்படி எல்லா வீட்டிலும் இருப்பதுதான். அவளும் எதையும் பெரிதுபடுத்தவில்லை. அந்தக் கங்காரு மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் நாங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருப்போம்.

ப்ரூம் ஊரைத் தாண்டி உள்நாட்டுச் சாலையில் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பெட்டைக் கங்காரு. வேனின் முன்கம்பியில் அடிபட்டுப் பின்கால் இரண்டும் முறிந்து, முன்கைகளை ஊன்றி ஊன்றிச் சாலை ஓரத்துக்குப் போகப் பார்த்தது. சக்கரம் கழற்றும் ஸ்பானரை எடுத்துத் தலையில் அடித்தேன். ஒரே அடியில் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. என் சட்டையெல்லாம் ரத்தமாகும்வரை அடிக்கவேண்டியிருந்தது. டீகன் அழுதுகொண்டே மண்டிபோட்டு அதன் வயிற்றுப் பையில் கைவிட்டுப் பார்த்தாள். நம் ஊரில் எல்லோரும் பார்ப்பதுதானே. உள்ளே குட்டி உயிரோடு இருந்தது. ரோமம்கூடச் சரியாக முளைக்கவில்லை.

தன் ஸ்வெட்டரைக் கழற்றி அதைச் சுற்றி மார்போடு வைத்துக்கொண்டாள். வந்த வழியே திரும்பிப்போனால் குட்டிகளை வளர்க்கும் ஒரு பெண்மணி இருக்கிறாள், கொடுத்துவிட்டு வரலாம் என்றாள். அப்படித் திரும்பினால் மறுநாள் காலை பள்ளத்தாக்கில் சூரியன் எழும் படம் போய்விடும். அதைச் சொன்னேன். அவள் ஸ்வெட்டருக்குள் ஊதிக்கொண்டிருந்தாள்.

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் அவள் கழிப்பறைக்குப் போனாள். ஸ்வெட்டரின் வாயைச் சேர்த்துக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உள்ளே கொஞ்சம் உதைத்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வரும்போது நான் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். அதிர்ச்சியில் செத்துவிட்டது, இந்தக் குட்டிகள் அப்படித்தான் என்றேன். அவள் ஸ்வெட்டரைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். கட்டைவிரலில் நகக்கீறல் இருந்தது. மிகச் சின்ன நகம். மறுநாள் பள்ளத்தாக்கில் நன்றாகவே போஸ் கொடுத்தாள். எனக்கு அதில் திருப்திதான்.

அன்று சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் துடைக்கும்போது சொன்னாள், குரலே உயர்த்தாமல்.

“டார்வின் போனதும் நான் ஃப்ளைட் ஏறிடறேன் ப்ரோட்ஸ். அம்மாகிட்ட சொல்லிட்டேன்.”

“சண்டைன்னா பேசித் தீர்த்துக்கலாம் டீக்ஸ்.”

“சண்டையெல்லாம் இல்ல. எனக்கு உன்னைப் பார்த்தா பயமா இருக்கு. பயந்துக்கிட்டே எவ்வளவு நாள்தான் சிரிக்கறது?”

நான் கத்தவில்லை. சரி என்றேன். என்னை முரடன் என்று சொல்கிறவர்கள் அந்த இடத்தில் என்னைப் பார்த்திருக்கவேண்டும். அவள்தான் அப்படியே திகைத்துப் போனாள். நான் கேட்டது ஒன்றே ஒன்று. டார்வினுக்கு முன்னால் ஆற்றங்கரையில் சில நாள் தங்குவோம், சாயங்கால வெளிச்சத்தில் கடைசியாகக் கொஞ்சம் படம் எடுத்துக்கொள்வோம், நம்மைப் பார்த்தவர்களிடம் நல்லபடியாக விடைபெறுவோம் என்றேன். அவளுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிவிட்டது. கல்யாணத்தன்று பார்த்த முகம் திரும்ப வந்தது. இவ்வளவு சுலபமா என்று நினைத்திருப்பாள்.

நானும் யோசித்துப் பார்த்தேன். பிரிந்துவிட்டார்கள் என்று முடிந்தால் என்ன ஆகும்? அத்தனை படமும் பொய்யாகிவிடும். மணிக்கட்டையும் பல்லையும் தேட ஆரம்பிப்பார்கள். கடற்கரையும் நெடுஞ்சாலையும் டீக்கோப்பையும் யாருக்கும் ஞாபகம் இருக்காது. நான் உழைத்துச் சேர்த்ததை அவள் ஒரு விமான டிக்கெட்டில் கலைத்துவிட்டுப் போவாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அதை மறைக்கவில்லை.

ஆற்றங்கரை முகாமை நடத்துகிற நோலீனை உங்களுக்குத் தெரியும். நாங்கள் போய் இறங்கியபோது மீன் வெட்டும் மேசையைக் குழாய்த் தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். டீகன் நேராகக் குளிக்கப் போய்விட்டாள். நோலீன் என்னைக் கூப்பிட்டு நிறுத்திவைத்துச் சொன்னாள்.

“இங்க பாரு கண்ணு, இந்த ஆத்துல பெரிசா ஒண்ணு இருக்கு. கரைக்குப் போனா ஒரே இடத்துக்கு ரெண்டாந்தரம் போகாதீங்க. அது முதல் நாள் சும்மா பார்க்கும். மறுநாளும் சும்மா பார்க்கும். இந்நேரத்துக்கு இங்க ஆள் வருதுன்னு தெரிஞ்சுக்கிச்சுன்னா, அப்புறம் உனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருக்கும். பொண்டாட்டிகிட்டயும் சொல்லிடு.”

நன்றி சொன்னேன். டீகன் ஈரத்தலையோடு வந்து, நோலீன் என்ன சொன்னாள் என்று கேட்டாள். குப்பையைக் கட்டிவைக்கச் சொன்னாள், இல்லாவிட்டால் நாய் இழுக்குமாம் என்றேன். அப்போது எனக்கு வேறு எண்ணம் எதுவும் இல்லை என்று நேற்றுச் சொன்னேன். அது சரியில்லை. இருந்தது.

தண்ணீர் ஓரத்தில் ஒரு மரம் விழுந்து கிடக்கும், பார்த்திருப்பீர்கள். பொழுது இறங்கும்போது ஆறு முழுவதும் பொன்னாகி, அந்தக் கட்டையில் உட்கார்ந்திருப்பவரின் தலைமுடியில் வெளிச்சம் வந்து நிற்கும். ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்காரச் சொன்னேன். முதலை படம் போட்ட எச்சரிக்கைப் பலகை பக்கத்திலேயே இருந்தது. அவளும் கேட்டாள். இங்கே இருந்ததைப் போன மாதமே கூண்டு வைத்துப் பிடித்துவிட்டார்களாம், நோலீன் சொன்னாள் என்றேன். நோலீன் பெயரைச் சொன்னதும் நம்பிவிட்டாள். டீகனுக்கு நோலீனைப் பிடித்துப்போயிருந்தது. அவள் அம்மா சாயல் என்பாள்.

மறுநாள் அதே கட்டை, அதே வெளிச்சம். அதற்கு மறுநாளும். ராத்திரியில் மடிக்கணினியில் படங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பது என் வழக்கம். உங்கள் ஆள் என் முன்னால் பரப்பி வைத்த படங்களில் சிவப்பு வட்டம் போட்டிருந்தது பாருங்கள், அதை நான் அப்போதே பார்த்தேன். எதிர்க்கரை ஓரம் தண்ணீரில் இரண்டு குமிழ் மாதிரி. அடுத்த நாள் படத்தில் ஆற்றின் நடுவில். அதற்கடுத்த நாள் அவள் தோளுக்குப் பின்னால், கிட்டத்தில். மரத்துண்டு என்று நினைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மரத்துண்டு நீரோட்டத்தை எதிர்த்து வராது.

கடைசி நாள் அவள் மாட்டேன் என்றாள். ஒரே இடத்தில் எத்தனை படம்தான் எடுப்பது, மேட்டில் எடுப்போமே என்றாள். மறுநாள் டார்வினில் விமானம். அவள் பை கட்டி வேன் வாசலில் இருந்தது.

“இதுதான் கடைசி டீக்ஸ். இனிமே உன்னை உக்காருன்னு சொல்லவே மாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள். இந்தத் தடவை வாயைத் திறந்தே சிரித்தாள், பல் இல்லாத இடம் தெரிய. நான் அவளுக்குக் கிட்டத்திலேயே முக்காலியில் கேமராவைப் பூட்டி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பின்னால் தண்ணீர் கொஞ்சம் உப்பியது. அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கன்னத்தை லேசாக இந்தப் பக்கம் திருப்பு என்றுதான் சொன்னேன்.

இடுப்போடு பிடித்தது. நான் எதிர்பார்த்த அளவுக்குச் சத்தமே இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம், எலும்பு நொறுங்கும் சத்தம், அவ்வளவுதான். கட்டையிலிருந்து இழுபட்டவள் ஒரு கையால் முக்காலியின் காலைப் பற்றிக்கொண்டாள். இன்னொரு கையை என்னிடம் நீட்டினாள். நான் பிடித்தேன். அதையும் பதிவு செய்துகொள்ளுங்கள், நான் பிடிக்காமல் இல்லை. தண்ணீர் சிவப்பாகிக்கொண்டு வந்தது. அது அவளை ஒருதரம் உலுக்கியது. அவளுடைய தோள் மூட்டு கழன்றது என் கைக்குத் தெரிந்தது.

“விட்றாத ப்ரோட்ஸ்,” என்றாள். அதட்டவோ அழவோ இல்லை, கேட்டாள்.

நோலீன் ஓடிவந்தபோது நான் மேட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். பாவம், அன்றிலிருந்து அவள்தான் உடைந்துபோயிருக்கிறாள். நான் சரியாகச் சொல்லாமல் விட்டுவிட்டேனோ கண்ணு என்று என் கையைப் பிடித்து அழுகிறாள். உங்கள் மேல் தப்பில்லை என்று தேற்றினேன். அது உண்மைதானே.

கேமரா மட்டும் எப்படி நனையாமல் இருக்கிறது என்று முதல் நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன். அவள் முக்காலியை விடவில்லை. அவளோடு அதுவும் சரிந்து ஆற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. முக்காலியிலிருந்து கேமராவைக் கழற்ற ஒரு கையால் தாழ்ப்பாளை அழுத்தி, மறுகையால் தூக்கவேண்டும். என் ஒரு கையில் அவள் கை இருந்தது. அதை விட்டேன். அவள் விரல்கள் விடவில்லை, ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது. எங்கள் கல்யாண வாழ்க்கை முழுவதும் அந்தக் கேமராவுக்குள் இருந்தது, சார்ஜென்ட். அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் வேறு எதைக் காப்பாற்றியிருப்பீர்கள்?